நைனாவுக்குச் சிவப்பு அட்டை

இப்போதெல்லாம் ஹாக்கி மைதானங்களில் உடை மாற்றும் அறைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். யாரும் யாரையும் அடிக்கக்கூடாது, சாதியைச் சொல்லித் திட்டக்கூடாது, புதிதாக வந்தவனைச் சீனியர்களின் சாக்ஸைத் துவைக்கச் சொல்லக்கூடாது, மீறினால் இந்த எண்ணுக்குப் பேசவும் என்று அதில் இருக்கிறது. நான் நடுவராக இருந்த காலம் முழுக்க அந்த அறைகளில் பார்த்த ஒரே நோட்டீஸ் 'இங்கே எச்சில் துப்பாதீர்'. அதன் மேலேயே துப்பியிருப்பார்கள். ஆகவே நோட்டீஸ்களின் சக்தியில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது.

இருந்தாலும் போன மாதம் ஏனாத்தூர் பக்கத்தில் புது நடுவர்களுக்கு நடந்த வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டு, "சார், உங்க காலத்துல இதெல்லாம் எப்படி?" என்று கேட்டார்கள். 'உங்க காலம்' என்று சொன்ன விதத்தைப் பார்த்தால் நான் பல்லவர்களுக்குக் கொஞ்சம் முந்தியவன் போலிருந்தது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. முட்டிக்கு மட்டும் எழுபது. முட்டிதான் என்னை ரிட்டையர் ஆக்கியது. அங்கே மைக் வேலை செய்யாததால் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் நடுவரான கதை சின்னது. உத்திரமேரூரில் ஒரு தனியார் பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்தேன். ஹாக்கி எனக்கு ஆட வராது என்பதை ஆடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆட வராதவன் பக்கத்தில் நின்றுகொண்டு ஆடுகிறவன் மேல் குற்றம் சொல்லலாம், அதற்கு ஒரு பரீட்சையே இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் எழுதிப் பாஸ் செய்தேன். விசில் கொடுத்தார்கள். அன்றிலிருந்து இருபது வருஷத்துக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை தோறும் திட்டு வாங்கினேன். திங்கள் முதல் வெள்ளி வரை ஹெட்மாஸ்டரிடம். சனிக்கிழமை ஓய்வு.

ஹாக்கி நடுவரின் சட்டைப்பையில் மூன்று அட்டைகள் இருக்கும். பச்சை முக்கோணம், மஞ்சள் சதுரம், சிவப்பு வட்டம். அவசரத்தில் விரலால் தடவியே எது எது என்று தெரிய வேண்டும் என்பதற்காக மூன்று வடிவம். பச்சை காட்டினால் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வேண்டும், மஞ்சளுக்கு இன்னும் கூட நேரம், சிவப்புக்கு ஆட்டமே முடிந்தது. என் பச்சை அட்டை காட்டிக் காட்டி நுனி மழுங்கி, முக்கோணம் என்று சொன்னால்தான் தெரியும். மஞ்சளும் பழுப்பேறிவிட்டது. சிவப்பு மட்டும் வாங்கிய நாளில் இருந்த பிளாஸ்டிக் உறையிலேயே புதுசாக இருந்தது. உறையைப் பிரிக்கிற மாதிரி ஒரு சந்தர்ப்பம் வரவில்லை. இன்னும் சரியாகச் சொன்னால், வந்த சந்தர்ப்பங்களின் பக்கம் நான் போகவில்லை.

நடுவர்களுக்கு மேலாளராக இருந்தவர் ரங்கநாயகி மேடம். காட்டன் புடவை, ஆண்கள் கைக்கடிகாரம், மேஜை மேல் எப்போதும் ஒரு ஆரஞ்சுப் பழம். பாதி ஆட்டத்தில்தான் அதை உரிப்பார். தோலை அறுந்துபோகாமல் ஒரே சுருளாக எடுப்பார். அதை எடுத்து முடிக்கும் வரை எதிரே நிற்கிற நடுவர் பேசலாம். யார் என்ன புகார் கொண்டுபோனாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"பாத்தியா, கேட்டியா, நெனச்சியா?"

பார்த்தேன் என்றால் மேலே கேட்பார். கேட்டேன் என்றால் யார் குரல் என்பார். நினைத்தேன் என்றால் "சரி, போ" என்று ஒரு சுளையை வாயில் போட்டுக்கொள்வார். யாருக்கும் ஒரு சுளை கொடுத்ததில்லை. நான் அவரிடம் பெரும்பாலும் "நெனச்சேன் மேடம்" என்றே சொல்லி வந்தேன். அதில் வேலை குறைவு.

இனி நைனாவுக்கு வருகிறேன். ஒரு பெரிய தொழிற்சாலையின் ஹாக்கி அணிக்கு அவர் கோச். ஆடுகிறவர்களுக்குத் தொழிற்சாலை சம்பளம் கொடுத்து, வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும். யாருக்குப் புதுப்பிப்பது என்பதில் கோச்சின் கையெழுத்துதான் முக்கியம். ஆட்டக்காரர்கள் எல்லோரும் அவரை, எங்கள் பக்கத்தில் அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி, 'நைனா' என்றுதான் கூப்பிடுவார்கள். பேப்பர்காரர்களும் அப்படியே எழுதினார்கள். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய சம்சாரத்துக்காவது ஞாபகம் இருந்ததோ என்னவோ.

கோச் நைனா ஆகிவிட்டதால் அணிக்குள் ஒரு குடும்பமே உருவாகியிருந்தது. சிவப்பு டேப் சுற்றிய ஒரு பழைய ஸ்டிக்கை அவர் எப்போதும் கையில் வைத்திருப்பார். அதற்குத் 'தாய்மாமன்' என்று பெயர். ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் உண்டு. தப்பாக ஆடியவன் தொடையின் பின்பக்கத்தில் அந்த ஸ்டிக்கால் அடி வாங்குவதற்குப் பெயர் 'சீர்'. "அவனுக்கு இன்னிக்கு மாமன் சீர் செஞ்சாரு" என்றால் அவன் அன்றைக்குக் குப்புறப் படுத்துத்தான் தூங்குவான். புதிதாக வந்தவனுக்கு முதல் வாரமே தப்பே செய்யாமல் ஒரு சீர் கிடைக்கும். வழக்கமாம்.

இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. நடுவர்கள், சங்கத்துக்காரர்கள், வேர்க்கடலை விற்கிறவர் வரை எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். எனக்கு நகைச்சுவை உணர்ச்சி அதிகம் என்று பள்ளியிலேயே சொல்வார்கள்.

உத்திரமேரூரில் பொங்கலை ஒட்டி நடந்த ஒரு போட்டிக்கு அந்த அணி வந்தது. எங்கள் ஊர் மைதானம் மண் தரை. ஒரு மூலையில் நெல் காயும், இன்னொரு மூலையில் ஆடு மேயும். உடை மாற்ற அறை கிடையாது. தண்ணீர் டேங்கர் லாரி ஒன்றை நிறுத்தி, அதன் இந்தப் பக்கம் ஒரு அணி, அந்தப் பக்கம் ஒரு அணி என்று பிரித்துவிட்டிருந்தார்கள். பதவிக்கு யார் யாரெல்லாம் வரக்கூடாது என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்பே சுவரில் வெட்டி வைத்த ஊர் இது. கோச்சைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்திருக்கிறேன்.

அந்த அணியில் பின்வரிசையில் ஆடியவன் சாமுவேல். சாலவாக்கத்துப் பையன், இருபத்திரண்டு வயதிருக்கும். அவன் தடுக்காமல் விட்ட ஒரு பந்தில் முதல் பாதியில் கோல் விழுந்தது. பாதி ஆட்டத்துக்கு விசில் அடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். கூட இருந்த நடுவர் என் பாட்டிலையும் சேர்த்துக் காலி செய்திருந்ததால் டேங்கர் குழாய்க்குப் போனேன். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை இல்லை.

சாமுவேல் டேங்கரின் பின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். மற்றவர்கள் வட்டமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நைனா கையில் தாய்மாமன்.

"நாத்து புடுங்கற கைல ஸ்டிக்க குடுத்தா அது எங்கடா பந்த தடுக்கும்? போய் சேத்துல நில்லு, அதான் உனக்கு சரி. இன்னும் குனி."

ஸ்டிக் விழுந்தது. ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம்.

கேப்டன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "ஒண்ணுமில்ல சார். சீர் நடந்துகினு கீது."

நானும் வழக்கப்படி சிரிக்கத் தயாரானேன். அப்போது சாமுவேல் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்:

"நைனா, அம்பயர் வந்துகீறாரு."

அடி வாங்குகிறவன் அடிக்கிறவரைக் காப்பாற்ற எச்சரிக்கை கொடுக்கிறான். எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை. வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. திறந்த வாயை என்ன செய்வது என்று தெரியாமல் விசிலை வைத்து ஊதிவிட்டேன். மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள்கூட நிமிர்ந்து பார்த்தன.

விசில் அடித்தாகிவிட்டது, அடுத்து ஏதாவது செய்தாக வேண்டும். பெஞ்சில் இருக்கிற கோச்சுக்கும் அட்டை காட்டலாம், இடைவேளையும் ஆட்டத்தில் சேர்த்திதான் என்று பரீட்சைக்குப் படித்திருந்தேன். பையில் கையை விட்டேன். அவசரத்தில் பச்சை வந்தது.

"இன்னா சார், சமோசா காட்டறீங்க?" என்றார் நைனா. எல்லோரும் சிரித்தார்கள். குனிந்திருந்த சாமுவேலும் சிரித்தான்.

மறுபடி கையை விட்டேன். சிவப்பு வந்தது, உறையோடு. இத்தனை வருஷ வியர்வையில் பிளாஸ்டிக் ஒட்டிப்போய் நகத்துக்கு வரவில்லை. ஷாம்பு பாக்கெட்டைப் பிரிப்பதுபோல் பல்லால் கடித்துக் கிழித்தேன். ஒரு துண்டு நாக்கில் ஒட்டிக்கொண்டது. அதைத் துப்பிவிட்டு அட்டையைத் தூக்கிப் பிடித்தேன். ஹாக்கி சரித்திரத்தில் இவ்வளவு கேவலமாக ஒரு சிவப்பு அட்டை காட்டப்பட்டிருக்காது.

"நைனாவுக்கேவா?" என்றான் கேப்டன்.

மேடத்தின் மேஜைக்குப் போனபோது ஆரஞ்சுத் தோல் பாதி இறங்கியிருந்தது.

"பாத்தியா, கேட்டியா, நெனச்சியா?"

"பாத்தேன் மேடம்."

கை நின்றது. "எங்க நின்னு?"

"டேங்கர் குழாயாண்ட."

"வெயில் கண்ல அடிச்சுதா?"

"எனக்குப் பின்னால அடிச்சுது."

"அப்ப நாளைக்கு மாத்திச் சொல்ல முடியாது."

"முடியாது மேடம்."

"உக்காரு" என்று இரண்டு சுளைகளைப் பிய்த்து என் கையில் வைத்தார். புளித்துக் கிடந்தது. இத்தனை வருஷம் இதையா ஒருத்தருக்கும் கொடுக்காமல் தின்றார் என்று ஆச்சரியமாக இருந்தது.

நைனா சும்மா இருக்கவில்லை. நடுவர் பொறாமையால் அவமானப்படுத்திவிட்டார் என்று சங்கத்தில் புகார் செய்தார். விசாரணை வைத்தார்கள். அடி விழவில்லை என்று முடிவானால் என் விசிலைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அது போனால் போகட்டும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கலாம். ஆனால் சாமுவேல் விஷயம் வேறு. அடித்தார் என்று சொன்னால் அவனுக்கு அடுத்த வருஷ ஒப்பந்தம் கிடையாது. இல்லை என்று சொன்னால் ஒப்பந்தம் உண்டு, சீரும் உண்டு.

அவனைப் பார்க்கச் சாலவாக்கத்துக்கு வண்டியில் போனேன். அவன் சம்பளத்தை நம்பி வீட்டை மாற்றிக் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஒரு பக்கம் தளம் போட்டாகிவிட்டது, இன்னொரு பக்கம் இன்னும் கீற்று. அவனுடைய அப்பா அந்தோணி அப்போதுதான் கழனி வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"விசில் சாரா? வாங்க சார். நாஷ்டா ஆச்சா?"

சாமுவேல் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "சார், ஒண்ணும் நடக்கலன்னு சொல்லிடறேன் சார். எதுக்கு எல்லாருக்கும் பேஜாரு? நைனா கையெழுத்து போட்டாதான் அடுத்த வருசம்."

"நான் எங்கடா கையெழுத்து போடணும்?" என்றார் அந்தோணி.

"உன்ன சொல்லல நைனா. அந்த நைனாவ."

"எந்த நைனா?"

"கோச்சு. டீம்ல அப்டிதான் கூப்புடுவோம்."

"அவரு உனக்கு நைனான்னா நான் இன்னாடா, சித்தப்பாவா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"எதுக்கு அடிச்சாரு?"

"பந்த வுட்டுட்டேன். கோலு."

"மொதலாளி டிராக்டர கால்வாய்ல எறக்குனியே, அன்னிக்கு நான் அடிச்சனா?"

"இல்ல நைனா."

"பத்தாவதுல கோட்ட வுட்டியே?"

"இல்ல."

"திட்டனேன்."

"திட்டன."

"திட்டனேன், ஒத்துக்கறேன்" என்று அந்தோணி என்னைப் பார்த்துச் சொன்னார், நான்தான் விசாரணை அதிகாரி என்பதுபோல. பிறகு கால் கழுவுவதைத் தொடர்ந்தார்.

நான் சாமுவேலிடம், "உன் இஷ்டம்பா. நான் பாத்தத நான் சொல்லிடுவேன். நீ எதச் சொன்னாலும் உன்மேல எனக்கு வருத்தமில்ல" என்றேன். பெருந்தன்மையான குரலில்தான் சொன்னேன். உள்ளுக்குள் அவ்வளவு பெருந்தன்மை இல்லை.

விசாரணை ராஜகுளம் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மண்டபம் சங்கத் தலைவரின் மைத்துனருடையது, ஆகவே இலவசம். முந்தின நாள் விருந்தின் சாம்பார் வாசனை போகவில்லை. தலைவரும் செயலாளரும் ரங்கநாயகி மேடமும் இலை போடும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த அதிகாரி போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "நைனா செல்லமா தட்டனாரு சார்." கேப்டன் மட்டும் 'ரொம்ப' என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டான். ரொம்பச் செல்லமாம்.

பிறகு நைனா பேசினார். நன்றாகவே பேசினார். "எல்லாம் என் புள்ளைங்க சார். சோறு ஊட்டியிருக்கேன். ஜுரம்னா பக்கத்துல உக்காந்திருக்கேன். நைனா அடிச்சா அது அடியா சார்?" தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருடைய பிள்ளை அவரிடம் பேசி நாளாகிறது என்று பின்னால் கேள்விப்பட்டேன். எனக்கே ஒரு நிமிஷம், நாம்தான் ஒரு பாசமான குடும்பத்துக்குள் மூக்கை நுழைத்துவிட்டோமோ என்று தோன்றியது. 'நைனா' என்கிற வார்த்தைக்கு அவ்வளவு சக்தி.

சாமுவேலைக் கூப்பிட்டார்கள். அவன் பின்னாலேயே அந்தோணியும் வந்தார். யாரும் வரச் சொல்லவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. கூடத்தின் கோடியில் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

தலைவர் இளகிய குரலில் கேட்டார்: "தம்பி, பயப்படாம சொல்லு. நைனா உன்ன அடிச்சாரா?"

சாமுவேல் மேஜைக்கு எதிரே வந்து நின்றான்.

"இல்ல சார்."

நைனா நாற்காலியில் சாய்ந்தார். அதிகாரி போனைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். என் விசில் போய்விட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"எங்க நைனா என்ன ஒரு நாளும் அடிச்சதில்ல சார்" என்றான் சாமுவேல். "தோ, கை கழுவற எடத்தாண்ட உக்காந்துகினு கீறாரே, அவரு. இந்த கோச்சு பேரு பரந்தாமன். இவருதான் அடிச்சாரு. ஸ்டிக்கால. ஒரு நாள் இல்ல, வாரா வாரம்."

அந்தப் பெயரைச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. நைனாவே யாரையோ கூப்பிட்டதுபோல் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"யாரு?" என்றார் தலைவர்.

"பரந்தாமன் சார்."

மேடம் நிமிர்ந்தார். "மறுபடி சொல்லுப்பா, முழுசா."

"பரந்தாமன் என்ன ஸ்டிக்கால அடிச்சாரு."

நைனா செல்லமாகத் தட்டியதும் பரந்தாமன் ஸ்டிக்கால் அடித்ததும் ஒரே சம்பவம்தான். ஆனால் இரண்டாவதைக் கேட்டபின் தலைவருக்குத் துடைத்துக்கொள்ளக் கண்ணில் ஒன்றும் இல்லை.

கதவருகே கேப்டன் நின்றிருந்தான். "சார், நான் இன்னொரு வாட்டி உள்ள வர்லாமா?" என்றான். வந்து, "நைனா" என்று ஆரம்பித்து, நிறுத்தி, "பரந்தாமன்" என்றான். பேன்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டப் பார்த்தான். "வேணாம்பா, நம்பறோம்" என்றார் மேடம். அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். சீர்வரிசை முழுக்க வந்து இறங்கச் சாயந்திரமாகிவிட்டது. அந்தோணி நடுவில் ஒருமுறை எழுந்து கை கழுவிக்கொண்டார், அவ்வளவுதான்.

நீதி கிடைத்ததா என்று ஏனாத்தூரில் ஒரு பெண் கேட்டாள். கிடைத்தது, அளவாக. பரந்தாமன் 'உடல்நிலை காரணமாக' விலகினார். சாமுவேலுக்கு 'ஆட்டம் சரியில்லாத காரணத்தால்' ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. தொழிற்சாலை இரண்டு பேரையும் சமமாக நடத்தியது. மற்றவர்கள் ஸ்டிக் அடியில்லாமல் ஆடினார்கள், அந்த வருஷம் முன்பைவிடக் கொஞ்சம் மோசமாகவே. அடித்தால்தான் ஆடுவார்கள் என்று இதைக் காட்டிச் சிலர் சொன்னார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு அடி வாங்கிக்கொண்டே கடைசி இடத்தில் வந்ததை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

என் சிவப்பு அட்டை செல்லும் என்று தீர்ப்பானது. ஆனால் பெரிய ஆட்டங்களுக்கு யாரும் கூப்பிடவில்லை. பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகளின் ஆட்டத்துக்குத்தான் கூப்பிட்டார்கள். அவர்களும் திட்டினார்கள், ஆனால் நியாயமாகத் திட்டினார்கள்.

சாமுவேல் கொஞ்ச காலம் வேன் ஓட்டினான். வீட்டில் ஒரு பக்கம் இன்னும் கீற்றுதான். ஒரு நாள் நடுவர் பரீட்சைக்கு என்ன படிக்க வேண்டும் என்று போன் செய்தான். எல்லோரும் திட்டுவார்களே என்றேன். "திட்டட்டும் சார்" என்றான்.

போன ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூரில் அவன் நடுவராக நின்ற ஆட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். ஒருத்தன் எதிராளியின் கணுக்காலைத் தட்டிவிட்டுக் கையைக் கூப்பினான். "அண்ணா, வுட்டுடுண்ணா."

"அண்ணன் வூட்ல கீறாரு. கோட்டுக்குள்ள அம்பயர்" என்று சாமுவேல் பச்சையைக் காட்டினான்.

ஆட்டம் முடிந்ததும் கிட்டே போய், அட்டைகளைக் காட்டச் சொன்னேன். எடுத்துக் கையில் பரப்பினான். மூன்றுமே ஒரே மாதிரி புழுதி பிடித்திருந்தன.

"செவப்புக்கு ஒரு உறை வருமேப்பா?"

"கடையிலயே கிழிச்சுப் போட்டுட்டு வந்துட்டேன் சார்."